பழசைப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டாம், இருக்கும் ஊரிலேயே விற்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் துணிமணி, பாத்திரம், பொம்மைகளை அட்டைப்பெட்டியில் கட்டி, தமிழ்நாட்டில் உள்ள குழந்தைகள் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அனுப்பிவையுங்கள், புண்ணியம் என்று. எழுதியவரின் நல்ல மனசு புரிகிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திவிட்டு, இப்போது நான்கு அறை வீட்டைக் காலி செய்து இரண்டு அறை ஃப்ளாட்டுக்குப் போகிற வேலையில் இருக்கிறேன் நான். அந்த யோசனை காகிதத்தில்தான் நன்றாக இருக்கிறது.

முதலில் கூலி. கப்பலோ விமானமோ, பத்து கிலோ துணியை இங்கிருந்து அனுப்பும் காசுக்கு ஊரில் புதுத் துணியே வாங்கிக் கொடுக்கலாம். அடுத்தது சுங்கம். உடுத்திய துணியை இறக்குமதி செய்வதை இந்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது, அதற்கு உரிமம் வேண்டும். தனி ஆள் அனுப்பும் பெட்டி துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால், அதை மீட்க அலைய வேண்டியவர்கள் பாவம், அந்த இல்லத்துக்காரர்கள்தான். தூத்துக்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் போன் செய்து கேட்டேன். "பழைய துணி ஒரு அறை நிறைய இருக்கும்மா, வைக்க இடமில்லை. அரிசி, பருப்புக்கு ஏதாவது பண்ணுங்கள்" என்றார்கள். அதனால் சொல்கிறேன்: இருக்கும் ஊரிலேயே விற்றுவிட்டுப் பணத்தை அனுப்பலாம்.

"விற்பதா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டுக்காரரே முதலில் சுளித்தார். கைநிறையச் சம்பளம் வாங்கியவர் பழைய மிக்ஸியை விற்கிறார் என்று நாலு பேர் பேசுவார்களாம். பேசட்டுமே. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் குரல் கேட்டால் ஓட்டை வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தானே நாம்? என் அம்மா, கிழிந்த பட்டுப்புடவையின் சரிகைக்கு விலை பேசி, அண்டா வாங்கி, அதற்கு மூடியும் சேர்த்துக் கேட்டு வாங்கியவர். அப்போது அதற்குப் பெயர் சாமர்த்தியம். விமானம் ஏறியதும் கேவலமாகிவிடுமா? அதே ஆட்கள் ஜிப் போன சூட்கேஸையும், காலர் வெளுத்த சட்டையையும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, தானம் செய்த நிறைவோடு காபி குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு டாக்ஸி (இங்கே அது ஷேர் வேன்) மாறி வீட்டுக்குப் போக வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு "இது வேண்டாம், அது கறை" என்று சொல்லும் உரிமையாவது இருக்கிறது.

சரி, எங்கே விற்பது? எல்லாவற்றையும் படம் எடுத்து ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று என் மகன் கேப்டவுனிலிருந்து சொன்னான். தீரவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வாங்குகிறவர் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறார்.

புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள தமிழ்ப் பெண்கள் அன்றாடம் புடவை கட்டுவதில்லை. ஆனால் கோயில் என்றால் புடவைதான். தைப்பூசக் காவடி, சித்திரைக் காவடி, ஆடிக்கூழ், அப்புறம் மவுண்ட் எட்ஜ்கம்ப், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில்களில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் பெரிய திருவிழா. காவடி என்றால் மஞ்சள், மாரியம்மன் என்றால் மஞ்சளும் சிவப்பும். அந்த நாட்கள் நெருங்கும்போது மஞ்சள் புடவைக்கு இருக்கும் கிராக்கி தீபாவளிக்குப் பட்டுக்குக்கூட இருக்காது. என் மஞ்சள் புடவைகளை அலமாரியிலேயே வைத்திருந்து தைக்கு முன்னால்தான் வெளியே எடுத்தேன். கோயில் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்ட அன்றே போய்விட்டன. விலை அதிகமில்லை, ஒன்று நூற்றைம்பது ராண்ட். ஒரு ராண்ட் ஏறத்தாழ ஐந்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்ந்த பச்சை, அரக்கு என்று நான் ஆசையாக வாங்கிய காஞ்சிபுரம் பட்டுகளைத்தான் யாரும் சீண்டவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குப் பளபளவென்று கல் வைத்த வடநாட்டுப் புடவைதான் பிடிக்கிறது. பழைய சரிகைக்கு எடை போட்டு விலை சொல்ல எனக்குத் தெரிந்து இந்த ஊரில் யாரும் இல்லை. அந்தப் பட்டுகளை மட்டும் ஊருக்கு வரும்போது பெட்டியில் எடுத்து வருகிறேன், பிள்ளைகளுக்கு.

புடவை விற்பதில் ஒரு நுணுக்கத்தை எங்கள் பக்கத்துத் தெருப் பெண்மணி சொல்லிக்கொடுத்தார். அவர் தமிழ் பேசுவது நாலு வார்த்தைதான், ஆனால் ஆடிக்கூழ் ஊற்றாமல் இருக்கமாட்டார். டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தவர், ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரியாக இருந்தவர். ஒருகாலத்தில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளின் எத்தனையோ குடும்பங்களுக்கு டர்பன் ஆடைத் தொழில்தான் சோறு போட்டது. 1990-களில் இறக்குமதி வரி குறைந்து மலிவான சீனத் துணி வந்து குவிந்ததும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. அவரும் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் சொன்னது இது: "ஆண்ட்டி, புடவையை விற்காதீங்க, கட்டத் தெரியாதவளுக்குக் கட்டுற மாதிரி ஆக்கி வில்லுங்க." கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்துக் கொடுத்தார். பாவாடை போல மாட்டிக்கொண்டு முந்தானையைத் தோளில் குத்திக்கொள்ள வேண்டியதுதான். நூற்றைம்பதுக்குப் போகாமல் கிடந்த பூனம் புடவைகள் இருநூற்றைம்பதுக்குப் போயின. தையல் கூலி போக எனக்குக் கொஞ்சம், அவருக்குக் கொஞ்சம். ரவிக்கை யாருடையதும் யாருக்கும் பொருந்தாது, அதை இலவசமாகச் சேர்த்துவிட வேண்டும்.

மற்றத் துணிகளையும் அவரே மூட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரரின் முழுக்கால் சட்டைகளை அளவு குறைத்து, என் சுடிதார்களைப் பிரித்துத் தைத்து, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கடை போடும் உறவினரிடம் கொடுக்கிறார். வார இறுதியில் காய்கறி, கோழி, கருவேப்பிலைக்காக நாங்கள் போகும் சந்தை அது. மூட்டைக்கு அவர் கொடுத்த விலை சொற்பம்தான், எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தத் துணிக்கு இரண்டாவது உயிர் கொடுப்பது அவர் கை. வெளிநாட்டுப் பழைய துணியை விற்பனைக்காக இறக்குமதி செய்ய இந்த நாட்டிலும் அனுமதி கிடையாது, உள்ளூர்த் தொழிலைக் காப்பதற்காக. ஆனாலும் ஊருக்குள் மூட்டை மூட்டையாக விற்கத்தான் செய்கிறது, அது வேறு கதை.

அதிகம் உடுத்தாத பிராண்ட் உடைகளுக்கு யாகா என்ற செயலி இருக்கிறது. என் மருமகள் அதில்தான் விற்கிறாள். படம் போட்டு, விற்றதும், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெப் கடையில் கொண்டுபோய் பாக்ஸி என்ற அவர்களின் பார்சல் சேவையில் கொடுத்துவிட்டால், வாங்கியவர் தன் ஊர் பெப் கடையில் எடுத்துக்கொள்கிறார். வீட்டு வாசலுக்கு யாரும் வர வேண்டியதில்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு சட்டைக்கு நாலு கோணத்தில் படம், அக்குள் அளவு, நீளம் என்று கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பொறுமை போய்விட்டது. வயசுப் பெண்களுக்குச் சரி.

பள்ளிச் சீருடைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. இங்கே பள்ளிக்கூட வருஷம் ஜனவரியில் தொடங்குகிறது. பல பள்ளிகளில் பெற்றோரே பழைய சீருடைக் கடை நடத்துகிறார்கள். பிளேசர் கோட்டு புதிதாக வாங்கினால் பெற்றோருக்கு முழி பிதுங்கும், அதனால் பழசு நிமிஷத்தில் போகும். டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட எளிதாகப் போனது கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். இதை இங்கு நாலு தலைமுறையாக இருக்கும் தமிழர்களிடம் விற்க முடியாது. அவர்கள் வீட்டில் பிரியாணியும் பீன்ஸ் கறியும் ரொட்டியும்தான், இட்லி எப்போதாவது. மாவுக்கு ஏங்குகிறவர்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதிதாக வேலைக்கு வரும் இளம் தம்பதிகள். விமானத்தில் கிரைண்டரைச் சுமந்து வர முடியாதவர்கள். இரு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஊரில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் வரும் பெரிய மூன்று உருண்டை முனை பிளக்தான் இங்கே பழைய வீடுகளின் எல்லாச் சுவரிலும் இருக்கிறது. கிரைண்டர், மிக்ஸியின் சின்ன பிளக்கைக் கழற்றிப் பெரியதை மாட்டினால் வேலை முடிந்தது. பிளக்கை மாற்றி, உளுந்து ஆட்டிக் காட்டி, அந்த மாவையும் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். நான் சொன்ன விலையில் ஒரு ராண்ட் குறைக்கவில்லை வாங்க வந்த பெண். தேங்காய்த் துருவி, இட்லிக் கொப்பரை, பணியாரக் கல் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனாள். தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டதோடு சரி.

இதற்கு நேர்மாறு இன்வெர்ட்டர். 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது தங்கம் மாதிரி தேடி வாங்கியது. 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றது, பத்து மாதம் வரவேயில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்க வந்துவிட்டார்கள். அத்துடன் பேட்டரிக்கு வயது ஏற ஏற மதிப்பு போய்விடும். வாங்க வந்தவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டோம். கேஸ் அடுப்பை மட்டும் விற்கவில்லை. மின்வெட்டை நான் இன்னும் நம்பவில்லை.

இங்கே விற்பதில் உள்ள ஆபத்தையும் சொல்ல வேண்டும், குறிப்பாகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு. எங்கள் ஃப்ரிட்ஜுக்கு ஒருவர் பேரமே பேசாமல் சம்மதித்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். பணம் கட்டிவிட்டேன் என்று வங்கியின் முத்திரையோடு ஒரு ரசீதுப் படம் வந்தது. அரை மணி நேரத்தில் வேனும் வாசலில் வந்து நின்றது. ஓட்டுநருக்கு அடுத்த வாடகை இருக்கிறதாம், சீக்கிரம் கேட்டைத் திற என்று போனில் அவசரம். எங்கள் வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கவில்லை. எங்கள் கணக்கில் பணம் ஏறட்டும், அப்புறம் ஏற்றலாம் என்றார். வெவ்வேறு வங்கி என்றால் சாதாரணமாக அனுப்பும் பணம் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஆனால் உடனே சேரும்படியும் அனுப்ப முடியும், 2023-லிருந்து பேஷாப் என்ற உடனடிப் பணம் அனுப்பும் வசதி வேறு இருக்கிறது. "அப்படி அனுப்புங்கள், இல்லையென்றால் ரொக்கம்" என்றோம். போன் அணைந்தது, வேனும் போய்விட்டது. முன்பெல்லாம் போலிக் காசோலையை வைத்து இதே நாடகம் நடக்கும். 2020 முடிவோடு இந்த நாட்டில் காசோலையே ஒழிந்துவிட்டது, நாடகம் மட்டும் ஒழியவில்லை. ரசீதுப் படத்தை நம்பாதீர்கள். வந்த எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீர்கள், அதையும் போலியாக அனுப்புகிறார்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, உங்கள் கண்ணால் பாருங்கள்.

படம் எடுக்கும்போது பொருளை கராஜுக்குக் கொண்டுவந்து எடுக்க வேண்டும். கூடத்தில் வைத்து எடுத்தால் டிவி, ஜன்னல் கம்பி, எந்தக் கதவு எங்கே என்று ஊருக்கே காட்டிக்கொடுத்த மாதிரி. கையில் தூக்கிப் போகக்கூடிய பொருளாக இருந்தால் ஷாப்பிங் சென்டரில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பகலில் கொடுப்பது நல்லது. பழைய ரசீதுகளையும் எறிந்துவிடாதீர்கள். 2021 ஜூலையில் இங்கே கடைகள் சூறையாடப்பட்ட பிறகு, ரசீது இல்லாத டிவியை விலை பேசவே ஆட்கள் பயந்தார்கள். போலீஸ் வீடு வீடாகத் தேடிய காலம் அது. இன்றும் ரசீது இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் கேஷ் குரூசேடர்ஸ், கேஷ் கன்வர்ட்டர்ஸ் மாதிரி பழைய பொருள் வாங்கி விற்கும் கடைகளுக்குப் போகலாம். 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி இப்படிப்பட்ட வியாபாரிகள் போலீஸிடம் பதிவு செய்திருக்க வேண்டும், விற்பவரின் அடையாளத்தையும் எழுதி வைக்க வேண்டும். அதனால் அடையாள அட்டை இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். கையோடு காசு கிடைக்கும், ஆனால் அவர்களும் லாபம் வைத்து விற்க வேண்டுமே, நாம் நினைக்கும் விலை வராது. அங்கே அடகும் உண்டு, விற்பனையும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேமரா, டிரில் மிஷின், வாத்தியக் கருவி போன்றவற்றுக்கு அங்கே பரவாயில்லை. துணிக்கும் மர சாமானுக்கும் பிரயோஜனமில்லை.

மர சாமான் என்றதும் எங்கள் பெரிய கண்ணாடி அலமாரி. இந்த ஊர் இந்தியர் வீடுகளில் ஒருகாலத்தில் அது இல்லாத கூடமே கிடையாது. கியாட் மரம், நம்ம ஊர் வேங்கையின் பங்காளி. இழைத்தால் அதே தேன் நிறம். இன்றைய ஃப்ளாட்டுக்குள் அது நுழையாது. யாரும் அலமாரியாக வாங்கவில்லை. கடைசியில் ஒரு தச்சர் மரத்துக்காக வாங்கினார், கதவு செய்வாராம். பித்தளைப் பாத்திரத்தை மட்டும் அப்படிக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இங்கே சில வீடுகளில் 1860-க்குப் பிறகு கப்பலில் வந்த கரும்புத் தோட்டக் கூலிகளின் செம்பும் குத்துவிளக்கும் இன்னும் இருக்கின்றன. வேண்டாம் என்றால் டர்பனில் அவர்கள் வரலாற்றைப் பாதுகாக்கும் 1860 மரபு மையம் இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். இங்கே பெரும்பாலோருக்கு இருபத்தைந்தாம் தேதி வாக்கில் சம்பளம். அதற்கு அடுத்த சனிக்கிழமை போட்டால் விற்கும் பொருள், பதினைந்தாம் தேதி போட்டால் "இன்னும் இருக்கிறதா?" என்ற கேள்வியோடு நின்றுவிடும். டிசம்பரில் செலவழித்துவிட்டு ஜனவரியில் எல்லோரும் கைவறட்சி, சீருடையைத் தவிர எதுவும் நகராது. தெரிந்தவர்கள் பாதி இந்த மாதம், மீதி அடுத்த மாதம் என்பார்கள். கோயில் ஆட்களுக்கு நான் சரி என்பேன், மற்றவர்களுக்கு இல்லை.

இதற்கெல்லாம் பிறகும் மிஞ்சியதைத்தான் ஹைவே ஹாஸ்பிஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்களும் அதை விற்கத்தானே செய்கிறார்கள்? அந்த வருமானம் கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்குப் போகிறது. துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுத்தேன். தமிழ்ப் பாடப் புத்தகங்களை வார இறுதித் தமிழ் வகுப்புக்குக் கொடுத்தேன். நாவல்களைப் படிக்க இங்கே ஆளில்லை, அது ஒரு வருத்தம். விற்ற பணத்திலிருந்து ஒரு பகுதியைத் தூத்துக்குடி இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறேன், கணக்கும் ரசீதும் வந்துவிட்டன.

ஆகவே, ஐயா, அடுத்த ஞாயிறு இணைப்பில் இல்லத்தைக் கேட்காமலும் சுங்க விதியைப் பார்க்காமலும் பழைய துணியைப் பெட்டி கட்டி அனுப்ப வேண்டாம் என்று இரண்டு வரி போட்டுவிடுங்கள். பெர்த்தில் இருக்கும் என் சித்தி பெண் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அட்டைப்பெட்டிகளை வாங்கி அடுக்கிவிட்டாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், பத்திரிகையில் வந்தால்தான் நம்புவாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ரிசர்வாயர் ஹில்ஸ், டர்பன், தென்னாப்பிரிக்கா